கோல்ஃபில் டிரைவர் அடியில் வரும் ஹூக்கைச் சரிசெய்வது எப்படி?

டிரைவரால், அதாவது தொலைதூர முதல் அடிக்கான நீண்ட கிளப்பால் (கோல்ஃப் மட்டையால்), அடித்த பந்து தாழ்வாகப் பறந்து, இடப்பக்கமாக வேகமாக வளைந்து, தரையைத் தொட்ட பின்னும் நிற்காமல் ரஃப்பை (ஓரத்து உயரப் புல்வெளியை) தாண்டி மரங்களுக்குள் ஓடிவிடுவதைத்தான் ஹூக் என்கிறோம். வலக்கை ஆட்டக்காரரை மனத்தில் வைத்தே இங்கு எழுதுகிறேன். இடக்கை ஆட்டக்காரர்கள் இடம் வலத்தை மாற்றிப் படித்துக்கொள்ளலாம். வலப்புறம் வளையும் ஸ்லைஸைவிட ஹூக் கூடுதல் சேதம் விளைவிப்பதற்குக் காரணம் உண்டு. கிளப்பின் முகம் (பந்தை அடிக்கும் பரப்பு) மூடியபடி, அதாவது இடப்புறம் திரும்பியபடி, பந்தைத் தொடும்போது லாஃப்டும் (முகத்தின் மேல்நோக்கிய சாய்வும்) குறைந்துவிடுகிறது; அதனால் பந்து உயராமல், பின்சுழற்சியும் குறைந்து, விழுந்த இடத்திலிருந்து நெடுந்தூரம் உருள்கிறது. ஆனாலும் ஹூக் பெரும்பாலும் புதியவர்களுக்கு வரும் குறையன்று. கிளப்பை உள்பக்கத்திலிருந்து கொண்டுவரவும் கைகளைத் தாராளமாகச் சுழற்றவும் பழகியவர்களுக்கு வருவது. ஆகவே முழு ஸ்விங்கையும் பிரித்துப் போட்டுப் புதிதாகக் கட்ட வேண்டிய அவசியம் அநேகமாக இருக்காது.

பந்து எந்தத் திசையில் புறப்படுகிறது என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது மோதும் கணத்தில் கிளப்பின் முகம் பார்க்கும் திசை. பந்து எந்தப் பக்கம் வளைகிறது என்பதைத் தீர்மானிப்பதோ, கிளப் பயணிக்கும் பாதைக்கும் முகத்துக்கும் இடையிலுள்ள கோணம். முகம் இலக்குக்கு 2 டிகிரி வலமாகப் பார்த்திருந்தாலும், கிளப்பின் பாதை 6 டிகிரி வலமாகப் போகுமானால், பாதையைப் பொறுத்தவரை முகம் 4 டிகிரி மூடியே இருக்கிறது. பந்து சற்று வலப்புறம் கிளம்பி இடப்புறம் வளைந்து திரும்பும். முகம் இலக்குக்கே இடப்புறமாகப் பார்த்திருந்தால், பந்து இடப்புறமாகவே கிளம்பி மேலும் இடப்புறம் வளையும். பார்வைக்கு இரண்டும் ஹூக்தான். முதலாவதில் பாதையையும், இரண்டாவதில் முகத்தையும் முதலில் திருத்த வேண்டும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், கேட்ட யோசனைகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்துபார்ப்பதுதான் பலரும் மாதக்கணக்கில் ஹூக்கோடு போராடக் காரணம் என்பது என் கருத்து.

எனவே டிரைவிங் ரேஞ்சில் (பந்தடித்துப் பழகும் திடலில்) முதல் வேலை கவனிப்பதே. அடிப்பவரின் கண்ணுக்குப் பந்தின் வளைவு தெரியுமே தவிர, புறப்பட்ட திசை சரியாகத் தெரியாது. கேடியையோ (பை சுமக்கும் உதவியாளரையோ) நண்பரையோ இலக்குக் கோட்டின் நீட்சியில், கிளப் எட்டாத தொலைவில் உங்களுக்குப் பின்னால் நிறுத்தி, பந்து கிளம்பிய பக்கத்தை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். கைப்பேசியை அதே இடத்தில் ஊன்றிப் பதிவு செய்தாலும் போதும். அடுத்து, ஒயிட்போர்டு மார்க்கரால் பந்தின் பின்புறம் பெரிதாக ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளி முகத்தைப் பார்க்குமாறு டீயில் (பந்தைத் தாங்கும் சிறு முளையில்) வைத்து அடியுங்கள். பந்து பட்ட இடம் முகத்தில் மையாகப் பதியும். கிளப் தலையின் நுனிப்பக்கம் (ஷாஃப்ட் எனும் தண்டிலிருந்து விலகிய பக்கம்) மோதினால், தலை ஒருபுறம் திரும்ப, பந்து அதற்கு எதிர்ப்புறம் சுழன்று, பாதையும் முகமும் ஒழுங்காக இருக்கும்போதுகூட இடப்புறம் வளையும். மைப்புள்ளிகள் தொடர்ந்து நுனியில் விழுகின்றன என்றால் பந்துக்குச் சற்று நெருங்கி நின்று பார்த்துவிட்டுத்தான் வேறெதையும் தொட வேண்டும்.

புள்ளி நடுவில் விழுந்தும் ஹூக் வருகிறதென்றால் பிடியைப் பாருங்கள். பந்தருகே நின்று தலையைச் சாய்க்காமல் கீழே பார்க்கையில், இடக்கையின் விரல்முட்டிகள் இரண்டு, மிஞ்சினால் இரண்டரை தெரிவது நடுநிலையான பிடி. மூன்று அல்லது நான்கு தெரிந்தால் கை வலப்புறமாக அதிகம் திரும்பியிருக்கிறது. மோதும்போது கை இயல்பு நிலைக்குத் திரும்புகையில் முகமும் கூடவே மூடிக்கொள்ளும். வலக்கையைப் பலர் கவனிப்பதே இல்லை. அதன் உள்ளங்கை வானத்தைப் பார்த்தபடி கிரிப்புக்கு அடியில் போயிருந்தால், இடக்கை சரியாக இருந்தும் பயனில்லை. இரு கைகளிலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலான மடிப்பு, வலத் தோளுக்கு வெளியே அல்லாமல், மோவாய்க்கும் வலத் தோளுக்கும் நடுவே காட்ட வேண்டும். ஒரே நாளில் பிடியை முழுதாகத் திருப்பிவிடாதீர்கள். ஒரு விரல்முட்டி அளவு மாற்றினாலே பந்தின் பறப்பில் வேறுபாடு தெரியும். புதிய பிடி கைக்கு அந்நியமாக இருக்கும், முதலில் சில பந்துகள் வலப்புறம் கிளம்பி அங்கேயே போய் விழும். அது மருந்து வேலை செய்வதன் அடையாளம். பதறிப் பழைய பிடிக்குத் திரும்ப வேண்டாம்.

அமெரிக்க கோல்ஃப் வீரர் பென் ஹோகன் 1930இல் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தவர். தனிநபராக முதல் பிஜிஏ (அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப்) சுற்றுப்பயண வெற்றியைப் பெற அவருக்கு 1940 வரை ஆயிற்று. அந்தக் காலம் முழுவதும் அவரைத் துரத்தியது ஹூக்தான். பின்னாளில் அவர் இடக்கைப் பிடியை இடப்புறமாக, அதாவது ‘தளர்நிலை’க்குத் திருப்பி, பேக்ஸ்விங்கின் (கிளப்பைப் பின்னே தூக்கும் அசைவின்) உச்சியில் இட மணிக்கட்டைப் பின்புறமாகச் சற்றே மடித்து, முகம் மூடாமல் பார்த்துக்கொண்டார். 1955இல் லைஃப் இதழில் இதை வெளிப்படையாகச் சொன்னார். ஹூக் அடிப்பவருக்கு இது உண்மையிலேயே பொருந்தும் பாடம். ஸ்லைஸ் அடிப்பவர் பின்பற்றினால் பந்து இன்னும் மோசமாக வலப்புறம் போகும். உச்சியில் உங்கள் மணிக்கட்டு முன்புறமாக வளைந்து முகம் வானத்தைப் பார்க்கிறதா என்பதைப் பதிவில் நிறுத்திப் பாருங்கள். தொழில்முறை ஆட்டக்காரர் டஸ்டின் ஜான்சனின் மணிக்கட்டு அப்படித்தான் வளையும். ஆனால் அவர் இடுப்பையும் மார்பையும் அசாத்திய வேகத்தில் திறந்துவிடுகிறார். வார இறுதியில் மட்டும் ஆடுபவருக்கு அந்தத் திருப்பம் கைவராது.

வலப்புறம் கிளம்பி இடப்புறம் திரும்பும் ஹூக் உள்ளவர்கள் பிடியோடு நிற்கும் முறையையும் பார்க்க வேண்டும். பந்து இடப்புறம் போகிறதே என்று மேலும் வலப்புறம் குறிவைப்பது இயல்பாகத் தோன்றும். ஆனால் தோள்கள் வலப்புறம் மூடும்போது கிளப்பின் பாதையும் வலப்புறம் விலகி, முகத்துக்கும் பாதைக்கும் உள்ள இடைவெளி பெருகி, ஹூக் கூடும். அடுத்த முறை இன்னும் வலப்புறம் குறிவைப்பார்கள், அது இன்னும் கூடும். தரையில் ஒரு அலைன்மென்ட் கம்பை (திசை காட்டும் நேரான குச்சியை) இலக்கை நோக்கிக் கிடத்திப் பாதங்கள், இடுப்பு, தோள்கள் மூன்றையும் அதற்கு இணையாக வையுங்கள். பந்து இடக் குதிகாலுக்கு நேர் உள்ளே இருக்கட்டும். பந்து நெஞ்சுக்கு நேராகப் பின்னே போய்விட்டால், கிளப் இன்னும் இறங்கிக்கொண்டும் வெளிப்புறமாகப் போய்க்கொண்டும் இருக்கும்போதே மோதிவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் பந்து வளைந்தால், டவுன்ஸ்விங்கில் (கிளப்பைப் பந்தை நோக்கி இறக்கும்போது) உடல் நின்றுவிடுகிறது என்று பொருள். இடுப்பு பந்துக்கு நேரே வந்து நின்றதும், வேகத்தோடு வரும் கைகளுக்குப் புரள்வதைத் தவிர வழியில்லை. இதற்கு நான் பெரிதும் நம்பும் பயிற்சி அரை ஸ்விங். கைகள் இடுப்புயரத்திலிருந்து தொடங்கி மறுபுறம் இடுப்புயரத்தில் முடியட்டும். முடியும்போது பெல்ட் பக்கிள் இலக்கைப் பார்க்க வேண்டும், கிளப்பின் நுனி வானத்தைக் காட்ட வேண்டும், இடப்புறமாகத் தரையை நோக்கிக் கவிழக் கூடாது. பந்து நேராகப் போகத் தொடங்கிய பிறகே ஸ்விங்கை நீட்டுங்கள். பாதையைத் திருத்த, பந்துக்கு ஒன்றரை அடி முன்னால், இலக்குக் கோட்டுக்குச் சற்று வெளியே கிளப்பின் உறையை வையுங்கள். வலப்புறம் பாயும் கிளப் அதை அடித்துத் தள்ளும். அதைத் தொடாமல் கிளப் இடப்புறமாக வெளியேற வேண்டும். மென்மையான உறையே போதும், கடினமான பொருள் எதையும் வைக்காதீர்கள்.

கருவியின் பங்கு சிறியது, ஆனால் உண்டு. ஷாஃப்டை மாற்றிப் பொருத்தும் வசதியுள்ள டிரைவர்களில் லாஃப்டைக் கூட்டினால் முகம் சற்று மூடும், குறைத்தால் சற்றுத் திறக்கும். ஹூக்குக்குப் பயந்து லாஃப்டைக் குறைப்பவர்கள், குறைந்த லாஃப்டில் பந்து பக்கவாட்டில் எளிதாக வளையும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். நகர்த்தக்கூடிய எடை இருந்தால் நுனிப்பக்கம் தள்ளுவது பாதுகாப்பானது. ஸ்லைஸ் அடிப்பவர்களுக்கெனக் குதிப்பக்கம் (ஷாஃப்ட் சேரும் பக்கம்) எடை வைத்துச் செய்த தலையை, தள்ளுபடியில் கிடைத்ததென்று வாங்கி வைத்திருப்பவர்கள் அதை நண்பருக்குக் கொடுத்துவிடலாம்.

ஆட்டத்தின் நடுவே ஹூக் தலைகாட்டினால் மேலே சொன்ன எதையும் அங்கே திருத்த முனைய வேண்டாம். பிடியின் அழுத்தத்தைச் சற்றுத் தளர்த்தி, கூடுதல் லாஃப்ட் உள்ள 3 வுட்டை (டிரைவரைவிடச் சற்றுக் குட்டையான கிளப்பை) எடுத்து ஃபேர்வேயில் (நடுவிலுள்ள வெட்டிய புல்வெளியில்) பந்தைப் போட்டுவிட்டு, டிரைவரை ரேஞ்சுக்குப் போகும் நாள்வரை பையிலேயே விட்டுவையுங்கள்.