மீஞ்சூர் பக்கம் தரை இறங்குகிறதா? ரேடார் படத்தில் நாமே பார்க்கலாம்

தண்டையார்பேட்டையில் சர்வே வேலை பார்க்கிறவன் நான். பகலில் லெவல் மிஷின் (தரையின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் கருவி), ராத்திரியில் ரேடார் படம். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்று வயல்களிலிருந்து 1960களின் கடைசி தொட்டு சென்னைக்குத் தண்ணீர் எடுத்திருக்கிறார்கள். மீஞ்சூரில் கடல்நீர் உள்ளே ஏறியது ஊரறிந்த விஷயம். தரை என்ன ஆனது என்று பார்க்க நினைப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன்.

மணலிலிருந்து தண்ணீரை இறைத்தால் மணல் லேசாக இறுகும், மழை வந்ததும் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிடும். நடுவில் கிடக்கும் களிமண் அப்படி இல்லை. நீரழுத்தம் குறைந்ததும் மேல்மண் பாரம் முழுக்கக் களியின் தலையில் விழும். ஒருமுறை நன்றாக அமுங்கிவிட்டால், அப்புறம் ஏரி உடைந்தாலும் எழுந்திருக்காது.

ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோள் சுமார் 693 கி.மீ. உயரத்தில் பறக்கிறது. ஒரே பாதைக்கு 12 நாளில் திரும்பி வரும். அதன் ரேடார் அலையின் நீளம் சுமார் 5.6 செ.மீ. இரண்டு தேதிகளில் திரும்பி வந்த அலைகளின் கட்டத்தை (phase, அலை தன் ஏற்ற இறக்கச் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை) கழித்தால் தூர வித்தியாசம் கிடைக்கும். அலை போய்த் திரும்புவதால், படத்தில் ஒரு முழு நிறச்சுற்று என்றால் 2.8 செ.மீ. நகர்வு.

முதலில் நாசாவின் எர்த்டேட்டாவில் இலவசக் கணக்குத் தொடங்குங்கள். ரேடார் படங்கள் கிடைக்கும் ஏ.எஸ்.எஃப். வெர்டெக்ஸ் (ASF Vertex) தளத்தில் எண்ணூரிலிருந்து பொன்னேரி வரை ஒரு பெட்டி வரைந்து, அலையின் கட்டமும் பதிவான எஸ்.எல்.சி. (SLC) வகைப் படங்களைத் தேடுங்கள். பாதை எண் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கேயே எஸ்பாஸ் (SBAS) தேடலில் கிட்டத்துத் தேதிகள் ஜோடி ஜோடியாக வரும். அவற்றை ஹைப்3 (HyP3) சேவைக்கு அனுப்பினால் அவர்களுடைய கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுத் தரும். அனுப்பும்போது உயர வரைபடம், பார்வைத் திசை இரண்டையும் டிக் செய்ய வேண்டும். ஜோடிகளையெல்லாம் கோத்து ஒவ்வொரு புள்ளியும் நகரும் வேகத்தைக் கணக்கிடும் மின்ட்பை (MintPy) மென்பொருளுக்கு அவை தேவை. குறைந்தது இரண்டு முழு வருடப் படங்களாவது எடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் இருக்கும் ஈரம் அலையைத் தாமதப்படுத்தி, இல்லாத பள்ளத்தைக் காட்டும். படங்கள் சேரச் சேரத்தான் அது கரையும்.

மின்ட்பையில் எல்லா வேகமும் ஒரு புள்ளியோடு ஒப்பிட்டுத்தான் வரும். அந்தப் புள்ளியே இறங்கினால் மொத்தக் கணக்கும் போச்சு. பரங்கிமலையின் சார்னக்கைட் பாறை அசையாது, ஆனால் மீஞ்சூரிலிருந்து தள்ளி இருப்பதால் காற்றின் பிழை கூடும். செங்குன்றம் பக்கம் கெட்டியான நிலத்தில் ஒரு பழைய கட்டடத்தையும் வைத்து, இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். விடை ரொம்ப மாறினால் நம்பாதீர்கள்.

வரும் எண் செங்குத்து இறக்கம் அல்ல, கோளைப் பார்த்த சாய்ந்த கோட்டில் உள்ளது. பக்கவாட்டு அசைவு இல்லை என்று வைத்துக்கொண்டு, படுகோணத்தின் (ரேடார் அலை நேர்க்குத்துக் கோட்டிலிருந்து எவ்வளவு சாய்ந்து விழுகிறது என்ற கோணத்தின்) கொசைனால் வகுக்க வேண்டும். 39 டிகிரி என்றால், சாய்வில் 10 மி.மீ. என்பது செங்குத்தில் கிட்டத்தட்ட 13 மி.மீ.

இனிமேல்தான் வேலையே. வடசென்னையில் சிவப்புப் புள்ளியை (இறங்கும் இடத்தைச் சிவப்பில் காட்டுவதாக வைத்துக்கொள்வோம்) பார்த்ததும் போர்வெல்லைத் திட்டக் கூடாது. கொடுங்கையூர் குப்பைமேடு மக்கியே இறங்கும். மணலி எண்ணெய்த் தொட்டிகள் பலவற்றுக்கு மிதக்கும் கூரை. உள்ளே எண்ணெய் ஏறி இறங்கினால் கூரையும் போய் வரும். காட்டுப்பள்ளியில் கன்டெய்னர் அடுக்கு நாளுக்கு நாள் மாறும். நெல் வயல், உப்பளம், சவுக்குத் தோப்பு எல்லாம் ஒத்திசைவு இல்லாத (ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் எதிரொலி பொருந்தாத) வெறும் புள்ளிக்குழப்பம், அவற்றை மறைத்துவிடுங்கள். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார் கோளின் 24 செ.மீ. அலை தழைகளை ஊடுருவும், அதனால் வயல் பக்கம் அது மேல்.

மிச்சமிருக்கும் புள்ளிகளின் காலவரிசையைப் பாருங்கள். குளத்தைத் தூர்த்து மனை போட்ட இடம் முதலில் வேகமாக இறங்கும், பிறகு மெல்ல மெல்ல அடங்கும். மழை அதற்குக் கணக்கில்லை. இறைப்பினால் வரும் இறக்கத்துக்கோ ஒரு தாளம் உண்டு: சித்திரை, வைகாசியில் சரியும், மார்கழியில் சமமாகும், சில சமயம் சற்று எழும். அரசின் நீர்வளத் தகவல் தளமான இந்தியா-விரிஸில் (India-WRIS) கிடைக்கும் அக்கம்பக்கக் கிணறுகளின் நீர்மட்டத்தை மேலே வைத்துப் பாருங்கள். இரண்டு கோடும் சேர்ந்து ஆடினால்தான் பேச்சு. காலம் பொருந்தினால் மட்டும் போதாது, இடமும் பொருந்த வேண்டும். கிணறுகளைச் சுற்றிக் கிண்ணம் போல அகலமாக விரிந்தால் சந்தேகம் வலுக்கும். ஒரே ஒரு கூரை மட்டும் சிவந்தால் அது அந்த வீட்டு அஸ்திவாரத்தின் பிரச்சினை.

இதற்கு நேர்மாறும் உண்டு. பைல் அஸ்திவாரம் போட்ட அடுக்குமாடி ஆழத்தில் ஊன்றி நிற்கும், சுற்றியுள்ள தெரு மட்டும் இறங்கும். ரேடார் மொட்டைமாடியைப் பார்த்து "எல்லாம் சரி" என்று சொல்லிவிடும். அந்த மாதிரி இடத்தில் படியையும் தளத்தையும் குனிந்து பாருங்கள். பழைய போர்வெல் குழாய் சிமென்ட் திண்ணையை விட்டு மேலே துருத்தி நிற்கிறதா என்றும் கவனியுங்கள்.

கடைசிச் சாட்சி லெவல் மிஷின்தான். கிண்ணத்துக்கு வெளியே இருக்கும் பெஞ்ச் மார்க்கில் (உயரம் தெரிந்த நிலையான குறியில்) ஆரம்பித்து, உள்ளே போய், திரும்பி அதே இடத்தில் முடியுங்கள். வைகாசிக் கடைசியில் ஒருமுறை, தை பிறந்ததும் ஒருமுறை, அடுத்த வைகாசியில் இன்னொரு முறை. மழைக்காலத்தில் போகாதீர்கள், மீஞ்சூர் சேற்றில் ஸ்டாண்டே நிற்காது.