வயதான அப்பா அம்மாவோடு செக்வோயா மரங்களைப் பார்க்கப் போவது எப்படி?

"கோல்டன் கேட் பாலத்தையே இன்னும் எத்தனை தடவைடா காட்டுவே?" என்று அப்பா கேட்ட அன்று ராத்திரிதான் இந்தப் பயணத்துக்கு ரூம் போட்டேன். போன இடம் கலிஃபோர்னியா மலைமேல் இருக்கும் செக்வோயா–கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா; செக்வோயா என்பது அங்கே வளரும் ராட்சத மரம். அப்பாவுக்கு வயது 74, சர்க்கரை உண்டு. அம்மாவுக்கு 70, இரண்டு முட்டியும் தேய்மானம். ஜூனில் ஒரு தடவை போய் நன்றாகச் சொதப்பினேன். அவர்கள் ஊர் திரும்பும் முன், ஆகஸ்டில், மறுபடி கூட்டிப்போய்ச் சரியாகச் செய்தேன். இரண்டையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். பே ஏரியாவில் (சான் ஃபிரான்சிஸ்கோவும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும்) இருந்து சொந்தக் காரில் கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். விசா, இன்சூரன்ஸ் கதையெல்லாம் இதில் இல்லை.

படி 1: எந்த வழி?

ஃப்ரெஸ்னோ வழியாக 180ஆம் நெடுஞ்சாலை. வேறு யோசனையே வேண்டாம். ஜூனில் நான் தெற்கே த்ரீ ரிவர்ஸ் பக்கமாக ஏறினேன். அந்த நுழைவாயில் கிட்டத்தட்ட 1,700 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஜயன்ட் ஃபாரஸ்ட் மியூசியம் இருக்கும் 6,400 அடிக்குக் கொண்டை ஊசி வளைவுகளிலேயே ஏற வேண்டும். கொல்லிமலை ஏறியவர்களுக்கு நான் சொல்வது புரியும். அம்மா இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தார். 180இலும் வளைவுகள் உண்டு, ஆனால் சாலை அகலம், ஏற்றமும் நிதானம்.

ஃப்ரெஸ்னோவிலேயே டேங்க்கை நிரப்பிவிடுங்கள், பூங்காவுக்குள் பெட்ரோல் பங்க் கிடையாது. மேலே போனால் போனில் சிக்னலும் அநேகமாக இருக்காது. மேப்பை முன்னாடியே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள்.

படி 2: நுழைவுக் கட்டணம்

62 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான சீனியர் பாஸ் நம் அப்பா அம்மாவுக்கும் உண்டு என்று நினைத்து வாயிலில் கேட்டு அசடு வழிந்தேன். அது அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் மட்டும்தான். காருக்கு ஏழு நாளைக்கு 35 டாலர். கார்டில்தான் கட்ட வேண்டும், ரொக்கம் வாங்க மாட்டார்கள்.

பின்சேர்க்கை: நாங்கள் போய்வந்த பிறகு விதி மாறிவிட்டது, இந்தப் பதிவைப் படித்துவிட்டுப் போன ஒருவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். 2026 ஜனவரி 1 முதல், வருடாந்திர பாஸ் இல்லாமல் வரும் வெளிநாட்டவருக்கு, 16 வயதுக்கு மேல் என்றால் தலைக்கு 100 டாலர் கூடுதல். 11 பூங்காக்களில் இந்தக் கட்டணம், இதுவும் அதில் ஒன்று. வெளிநாட்டவருக்கான வருடாந்திர பாஸ் 250 டாலர். கிளம்புவதற்கு முன் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

படி 3: முதல் நாள் கிராண்ட் மரம் மட்டும்

ஜெனரல் கிராண்ட் மரம் 268 அடி. அதைச் சுற்றிவரும் பாதை மூன்றில் ஒரு மைல்தான், தார் போட்டிருக்கிறது. முட்டி வலிக்காரர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. வழியில் ஒரு மரம் விழுந்து கிடக்கிறது. உள்ளே கூடு, ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வரலாம். ஒரு காலத்தில் குதிரைப்படையினர் அதற்குள் குதிரை கட்டியிருக்கிறார்கள். அம்மா கிராண்ட் மரத்தைக் கும்பிட்டுவிட்டு, "நம்ம ஊரா இருந்தா அடியில ஒரு பிள்ளையார் உக்காந்திருப்பாரு" என்றார். அன்று ராத்திரி பக்கத்திலேயே தங்கிவிடுங்கள்.

படி 4: ஷெர்மன் மரம். இங்கேதான் மாட்டிக்கொண்டோம்

கன அளவில் உலகத்திலேயே பெரிய மரம் இது. உயரம் 275 அடி, அடிப்பக்கக் குறுக்களவு 36 அடி, வயது ஏறக்குறைய 2,200. கிராண்ட் மரத்தில் இருந்து காரில் ஒரு மணி நேரம்.

பெரிய பார்க்கிங்கில் வண்டியை விட்டால் மரத்துக்கு அரை மைல் நடை. அரை மைல்தானே என்று நானும் நினைத்தேன். பிரச்சினை என்னவென்றால் பார்க்கிங் மேலே, மரம் கீழே. சுமார் 200 அடி இறக்கம், நடுநடுவே படிக்கட்டு. போகும்போது பேசிக்கொண்டே இறங்கிவிடலாம். திரும்பும்போது இருபது மாடி ஏறுகிற மாதிரி, அதுவும் கொடைக்கானல் உயரத்தில். அம்மா பத்துப் படிக்கு ஒரு தடவை உட்கார்ந்தார். அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, சர்க்கரை இறங்கிவிட்டது. பையில் கடலை மிட்டாய் இருந்ததால் தப்பித்தோம். மேலே வந்துசேர ஒன்றரை மணி நேரம்.

ஆகஸ்டில் செய்தது: லாட்ஜ்போல் பார்வையாளர் மையத்தில் காரை நிறுத்திவிட்டு, பூங்காவின் இலவச பஸ்ஸில் ஏறினோம். ஷெர்மன் மரத்துக்கு இரண்டு நிறுத்தம் உண்டு. மேலே உள்ளதில் இறங்கவே கூடாது. நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும், சக்கர நாற்காலிக்கான பாதை தொடங்கும் நிறுத்தத்தை டிரைவரிடம் கேட்டு அங்கே இறங்குங்கள். படிக்கட்டே இல்லாத சின்னப் பாதை. அம்மா, "இதை முதல்லயே செஞ்சிருக்கலாம்ல?" என்று கேட்டார். கேட்கத்தான் செய்வார்.

இந்த பஸ் கோடைக்காலத்தில்தான் ஓடும், ஏறக்குறைய மே கடைசியில் இருந்து செப்டம்பர் தொடக்கம் வரை. மற்ற மாதங்களில் போகிறவர்கள் பார்வையாளர் மையத்தில், நடக்க முடியாதவர்களுக்குக் கீழ்ப் பாதையில் நிறுத்தத் தற்காலிக அனுமதி கிடைக்குமா, சக்கர நாற்காலி இரவல் உண்டா என்று கேளுங்கள். கௌரவம் பார்க்க வேண்டாம்.

சும்மா ஒரு கொசுறு: 1880களில் இங்கே குடியேறிய கவேயா என்ற பொதுவுடைமைக் குழுவினர் இந்த மரத்துக்குக் கார்ல் மார்க்ஸ் மரம் என்று பேர் வைத்திருந்தார்கள். போக்குவரத்துக் கழகத்தில் முப்பது வருஷம் சங்கத்தில் இருந்த அப்பா, அதைக் கேட்டபின் இன்னொரு போட்டோ எடுக்கச் சொன்னார்.

படி 5: சாப்பாடும் கரடியும்

புளியோதரை கட்டுங்கள், ஆனால் காரில் விட்டுவிட்டு நடக்கப் போகாதீர்கள். மோப்பம் பிடித்துக் கரடி கதவைப் பிய்த்துவிடும். அதற்கென்றே இரும்புப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். அம்மாவின் தைலமும் அதற்குள்தான் போக வேண்டும், வாசனை உள்ள எதுவும் காரில் இருக்கக் கூடாது.

எடுத்துப்போக வேண்டியவற்றில் என் ஓட்டு மடக்கு ஸ்டூலுக்கு. இரண்டு கைக்கும் கம்பு வாங்கிக் கொடுத்தேன், அப்பா ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். ஃபிளாஸ்க்கில் வெந்நீர். அப்புறம் குரங்குக் குல்லா: ஆகஸ்ட் மாதமே ஆனாலும் சாயங்காலம் குளிர் காதை அறுக்கும். ஜூனில் "இதெல்லாம் எதுக்கும்மா?" என்று அதைப் பெட்டியில் இருந்து எடுத்து வெளியே வைத்தவன் நான்தான்.