பழைய கேம் பாய் இயங்கவில்லையா? பேட்டரிக் கோளாறைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

நின்டென்டோ நிறுவனம் 1989 ஏப்ரலில் ஜப்பானில் வெளியிட்ட முதல் கேம் பாய் என்ற கையடக்க வீடியோ கேம் கருவி, நான்கு டபுள் ஏ செல்களில், அதாவது கடையில் பென்சில் செல் என்று கேட்டு வாங்கும் அளவில், இயங்குகிறது. இதை வடிவமைத்த குன்பெய் யோகோயின் குழு வண்ணத் திரையையும் பின்னொளியையும் தவிர்த்து நான்கு சாயல் மட்டும் காட்டும் திரையைத் தேர்ந்தெடுத்ததற்கு, செல்கள் நீண்ட நேரம் உழைக்க வேண்டும் என்பது முக்கியக் காரணம். அதனால் இந்தக் கருவிக்குத் தேவைப்படும் மின்திறன் ஏறத்தாழ 0.7 வாட் மட்டுமே. இவ்வளவு சிக்கனமான கருவியின் சர்க்யூட் எளிதில் கெடுவதில்லை. "இறந்துவிட்டது" என்று ஒதுக்கப்படும் பலவற்றில் கோளாறு செல் வைக்கும் அறையையும் ஸ்விட்சையும் தாண்டிப் போயிருப்பதில்லை என்பது என் கணிப்பு. எனவே பின்வரும் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்கும் ஆசை முதலிலேயே வரும்; அதைச் சிறிது நேரம் தள்ளிப்போடுங்கள்.

தேவையானவை: புதிய ஆல்கலைன் செல்கள் நான்கு, சாதாரண மல்டிமீட்டர், வெள்ளை வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு, ஐசோபுரொபைல் ஆல்கஹால், காது குடையும் பஞ்சுக்குச்சிகள், பழைய பல்துலக்கி, கையுறை. கருவியைத் திறக்க வேண்டி வந்தால் மட்டும் மூன்று கால் வடிவ முனை கொண்ட ட்ரைவிங் ஸ்க்ரூடிரைவர் தேவைப்படும்.

முதல் படி: சிவப்பு விளக்கைக் கவனியுங்கள்

திரையின் இடப்பக்கம் உள்ள சிறிய சிவப்பு விளக்குதான் முதல் சாட்சி. ஸ்விட்சைப் போட்டதும் விளக்கு நன்றாக எரிந்து, நிறுவனத்தின் பெயர் வர வேண்டிய இடத்தில் கறுப்புப் பட்டை ஒன்று மட்டும் இறங்கி வந்தால், மின்சாரம் சரியாகவே வருகிறது. விளையாட்டு பதிவாகியுள்ள கார்ட்ரிட்ஜின் முனைகளில்தான் அழுக்கு. அவற்றை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். விளக்கு எரிந்து சில நொடிகளில் மங்கி அணைந்தால் செல்லோ அதன் தொடர்போ பலவீனம். விளக்கே எரியவில்லை என்றால் மின்சாரம் எங்கோ துண்டிக்கப்பட்டிருக்கிறது. கருவியை லேசாக அசைக்கும்போதோ ஸ்விட்சைத் தொடும்போதோ விளக்கு துடித்தால், ஸ்விட்சின் மீது சந்தேகத்தை வையுங்கள்.

இரண்டாம் படி: செல்களை அளந்து பாருங்கள்

மல்டிமீட்டரை நேர்மின்னோட்ட (DC) வோல்ட் அளவில் வைத்து ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே அளக்க வேண்டும். புதிய ஆல்கலைன் செல் 1.5 முதல் 1.6 வோல்ட் வரை காட்டும், 1.2 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கியதை ஒதுக்கிவிடுங்கள். மீண்டும் மின்னேற்றக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லின் இயல்பான அளவே 1.2 வோல்ட்தான் என்பதால் அதற்கு இந்த விதி பொருந்தாது. நான்கும் சேர்ந்து 4.8 வோல்ட் தந்தாலும் கேம் பாய் அதில் ஓடும்; விளக்கு மட்டும் சற்று மங்கலாக இருக்கும்.

நான்கு செல்களையும் ஒரே நேரத்தில், ஒரே வகையில் மாற்றுங்கள். பழையதையும் புதியதையும் கலந்து போட்டால், தொடராக இணைந்த நான்கில் பலவீனமானது முதலில் தீர்ந்துபோகும். மற்ற மூன்றும் அதன் வழியே மின்னோட்டத்தைத் தொடர்ந்து தள்ளுவதால் அது தலைகீழாக மின்னேறிக் கசியத் தொடங்கும். இன்னோர் எச்சரிக்கை: 14500 என்று அச்சிடப்பட்ட லித்தியம் அயான் செல்கள் டபுள் ஏ செல்லைப் போன்ற அளவிலேயே இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் 3.7 வோல்ட். அவற்றை நான்காகப் போட்டால் 6 வோல்ட்டுக்கான கருவிக்குள் கிட்டத்தட்ட 15 வோல்ட் பாயும்.

செல் இல்லாமல் அடாப்டரில் சோதிக்கலாமே என்று தோன்றக்கூடும். இந்த மாடலின் துளை 6 வோல்ட்டுக்கானது, அதன் நடு ஊசி எதிர்முனை. இன்று கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலானவை நடு ஊசியை நேர்முனையாகக் கொண்டவை. முனை உறுதியாகத் தெரியாத அடாப்டரைச் செருகுவதைவிட, நான்கு செல் வாங்கும் செலவு மலிவு.

மூன்றாம் படி: அறையைச் சுத்தம் செய்யுங்கள்

மூடியைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் தகட்டையும் பாருங்கள். வெள்ளையாகப் பொரிந்த தூள் இருந்தால் அது ஆல்கலைன் செல்லிலிருந்து கசிந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து உறைந்தது. இது காரப் பொருள் என்பதால் தோலையும் கண்ணையும் அரிக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தூளை ஊதாதீர்கள். பஞ்சுக்குச்சியை வினிகரில் நனைத்துப் பிழிந்து, பொரிந்த இடத்தில் வைத்தால் சிறு குமிழிகள் எழும். குமிழி நிற்கும் வரை குச்சியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். பிறகு தண்ணீர் தொட்ட குச்சியால் வினிகரை எடுத்துவிட்டு, கடைசியாக ஆல்கஹாலால் துடைத்து, முற்றிலும் உலர விடுங்கள். வினிகர் அப்படியே தங்கிவிட்டால் அதுவே அடுத்த துருவுக்குக் காரணமாகும்.

மலிவான கார்பன் துத்தநாக செல் கசிந்திருந்தால் நிலைமை வேறு: அதன் கசிவு அமிலத் தன்மை உடையது, எனவே வினிகருக்குப் பதிலாகச் சமையல் சோடா கரைத்த நீரைச் சிறிதளவு பயன்படுத்துங்கள்.

பச்சைக் களிம்பும் லேசான துருவும் இருந்தால் பென்சில் ரப்பரால் தேயுங்கள். உப்புத்தாளை நான் பரிந்துரைப்பதில்லை. ஸ்பிரிங்குகள் நிக்கல் பூசிய எஃகு. பூச்சு உரிந்தால் இன்று பளபளப்பது சில மாதங்களில் முன்னைவிட மோசமாகத் துருப்பிடிக்கும்.

நான்காம் படி: ஓடும்போது அளவிடுங்கள்

தொடக்கநிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் சோதனை இதுதான். செல்லைத் தனியே அளக்கும்போது 1.5 வோல்ட் காட்டுவது, அந்த 1.5 வோல்ட்டும் கருவியை அடைகிறது என்பதற்குச் சான்று ஆகாது. புதிய செல்களைப் போட்டு, மூடியைத் திறந்தே வைத்து, ஸ்விட்சை இயக்குங்கள். மீட்டரின் ஒரு முள்ளைச் செல்லின் முனையிலும் மற்றொரு முள்ளை அம்முனை தொட்டுக்கொண்டிருக்கும் தகட்டிலும் வையுங்கள். இரண்டும் நன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அளவு ஏறக்குறைய சுழியாக இருக்கும். 0.2, 0.3 வோல்ட் காட்டினால் அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத படலம் மின்னோட்டத்தைத் தடுக்கிறது; மீண்டும் சுத்தம் செய்யுங்கள். முழுமையாகத் துண்டிக்கப்பட்ட தொடர்பாக இருந்தால், மொத்த 6 வோல்ட்டும் ஏறத்தாழ அந்த ஓரிடத்திலேயே தெரியும். எட்டு முனைகளையும் இப்படிச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும், பழுது எங்கே என்று ஊகிக்க வேண்டிய தேவையும் இராது.

ஐந்தாம் படி: திறப்பதும் தகடுகளை மாற்றுவதும்

எல்லா முனைகளும் சரியாக இருந்தும் விளக்கு எரியவில்லை என்றால் மட்டுமே கருவியைத் திறக்க வேண்டும். செல்களையும் கார்ட்ரிட்ஜையும் எடுத்துவிட்டு, பின்பக்கம் உள்ள ஆறு திருகுகளைக் கழற்றுங்கள். அவற்றில் இரண்டு செல் அறைக்குள் இருக்கும். திருகின் தலை தேய்ந்துவிடாமல் இருக்க, ஸ்க்ரூடிரைவரை நன்றாக அழுத்திப் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். இரு பாதிகளையும் வேகமாகப் பிரிக்கக் கூடாது. திரைப் பலகையையும் முதன்மைப் பலகையையும் அகலமான நாடா வயர் ஒன்று இணைக்கிறது. எனவே புத்தகத்தை விரிப்பது போலத் திறந்து, நாடாவின் இரு ஓரங்களையும் பிடித்து, வளைக்காமல் நேராக உருவ வேண்டும்.

முதலில் ஸ்விட்சைப் பாருங்கள். அதன் இடுக்கில் ஓரிரு சொட்டு ஆல்கஹால் விட்டு இருபது, முப்பது முறை முன்னும் பின்னும் தள்ளினால், உள்ளே படிந்த ஆக்சைடு பெரும்பாலும் அகன்றுவிடும். அடாப்டர் துளையையும் கவனியுங்கள். அடாப்டரைச் செருகும்போது செல்களின் இணைப்பைத் துண்டிக்கும் ஏற்பாடு அதற்குள் இருப்பதால், அதன் உள்தகடு துருப்பிடித்தால் நல்ல செல்கள்கூடப் பயனற்றுப்போகும்.

தகடு அரித்துத் துளையாகியிருந்தால் புதியது போடுவதுதான் வழி. இந்த மாடலுக்கான தகட்டுத் தொகுப்புகள் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. செல்களை ஒன்றோடொன்று இணைக்கும் தகடுகள் பிளாஸ்டிக் பள்ளங்களில் செருகப்பட்டவை; மூக்கு இடுக்கியால் மேலே இழுத்தால் வந்துவிடும். நேர்முனை, எதிர்முனைத் தகடுகள் இரண்டும் பலகையில் சால்டர் செய்யப்பட்டிருக்கும், அதாவது உருக்கிய உலோகத்தால் ஒட்டப்பட்டிருக்கும். பழைய சால்டரின் மேல் சிறிது புதிய சால்டரை உருக்கிச் சேர்த்தால் அது எளிதில் இளகும். இதுவரை சால்டரிங் அயர்னைப் பிடிக்காதவர்கள், வீணான வேறொரு பலகையில் பழகிவிட்டு இதற்கு வாருங்கள். மூடுவதற்கு முன் கசிவு பலகைவரை ஊர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பச்சை நிறம் தெரிந்தால் மூன்றாம் படியில் சொன்னபடியே துடைக்க வேண்டும்.

கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் செல்

விளையாட்டு ஓடுகிறது, ஆனால் சேமித்த ஆட்டம் அழிந்துபோகிறது என்றால், அது கருவியின் செல்களால் வரும் கோளாறு அல்ல. ஆட்டத்தைச் சேமிக்கும் பல கார்ட்ரிட்ஜ்களுக்குள் தனியாக ஒரு 3 வோல்ட் பொத்தான் செல் இருந்து, நினைவகத்தைக் காத்துவருகிறது. 1990-களில் பொருத்தப்பட்ட செல் இன்று தீர்ந்திருந்தால் வியப்பில்லை. நாள், நேரம் கணக்கிடும் கடிகாரம் உள்ள கார்ட்ரிட்ஜ்களில் அது இன்னும் விரைவாகத் தீரும்.

இவற்றின் திருகுக்கு 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் என்ற தனி முனை வேண்டும். உள்ளே இருக்கும் செல்லின் எண்ணைப் படித்து அதே எண்ணையே வாங்குங்கள்: சிஆர்2025 என்றால் 20 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் தடிமன். சிஆர்1616 என்றால் 16, 1.6. இரு பக்கமும் தகட்டு வால் ஒட்டிவரும் வகையைக் கேளுங்கள். வெறும் செல்லின் மேல் நேரடியாகச் சால்டர் வைத்தால் சூட்டில் அது வெடிக்கக்கூடும். இன்சுலேஷன் டேப்பால் ஒட்டிவைக்கும் குறுக்குவழி சில நாள் வேலை செய்யும், பிறகு கார்ட்ரிட்ஜைச் செருகும் அதிர்வில் தொடர்பு விலகிச் சேமிப்பு போய்விடும்.

செல்லை எடுத்ததும் சேமித்தவை அழிந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். அவை தேவையென்றால், பழைய செல்லில் உயிர் இருக்கும்போதே கார்ட்ரிட்ஜ் ரீடர் கருவி மூலம் கணினியில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். பலகையில் அச்சிட்ட கூட்டல், கழித்தல் குறிகளைப் பார்த்துப் புதிய செல்லை அதே திசையில் சால்டர் செய்து, மீட்டரில் 3 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டுகிறதா என்று பாருங்கள். கழற்றிய பொத்தான் செல்லைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் உடனே அப்புறப்படுத்துங்கள். விழுங்கினால் அது உணவுக்குழாயை அரித்துவிடும். பிறகு ஓர் ஆட்டத்தைச் சேமித்து, கருவியை நிறுத்தி, கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து ஓர் இரவு வைத்திருங்கள். மறுநாள் செருகும்போது சேமிப்பு அப்படியே இருந்தால் திருகை முழுமையாக இறுக்கிவிடலாம்.