தலைநகரம் ஒப்பித்தால் புவியியல் ஆகிவிடாது

புவியியல் என்றதும் நாடு, தலைநகரம், ஆறு, மலை என்று பட்டியல் போட்டு ஒப்பிப்பதுதான் பலருக்கு ஞாபகம் வரும். முதல் தவறே அதுதான். இது ஏன் இங்கே இருக்கிறது, ஏன் பக்கத்து ஊரில் இல்லை என்று கேட்கும்போதுதான் பாடமே ஆரம்பிக்கிறது.

கோவையை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தனை பஞ்சாலை ஏன் இங்கே வந்தது? கரிசல் மண், அதில் பருத்தி, அதனால் மில் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிவிடலாம். ஆனால் கோவில்பட்டிப் பக்கமும் கண்ணுக்கு எட்டின தூரம் வரை கரிசல்தானே, அங்கே ஏன் கோவை அளவுக்கு ஆலைகள் இல்லை? கோவையின் முதல் ஆலை 1888-லேயே வந்துவிட்டது, ஆனாலும் ஆலைகள் மளமளவென்று பெருகியது 1930-களில், அதாவது நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் ஓட ஆரம்பித்து மின்சாரம் மலிவாகக் கிடைத்த பிறகு. அதோடு, நிலத்தில் சம்பாதித்த பணத்தை ஆலையில் போடத் துணிந்த குடும்பங்களும் இங்கே இருந்தன. மண் ஒரு காரணம், அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் இயற்கையைக் கைகாட்டிவிட்டு ஒதுங்குவது சோம்பேறித்தனம் என்றுதான் சொல்வேன்.

அடுத்த தவறு சராசரியை நம்புவது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வால்பாறைக்குப் பக்கத்திலுள்ள சின்னக்கல்லாறில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.-க்கு மேல் மழை கொட்டுகிறது. மழைமறைவில் கிடக்கும் கோவை நகரத்துக்கு 700 மி.மீ. கிடைத்தாலே சந்தோஷம். இரண்டும் ஒரே மாவட்டம்! கூட்டி வகுத்து வரும் எண் இந்த இரண்டு ஊருக்குமே பொருந்தாது. சரி, ஊர்வாரியாக மழையை மட்டும் பார்த்தால் போதுமா என்றால் அதுவும் போதாது, ஏனென்றால் மேற்கே ஓடிய தண்ணீரைச் சுரங்கம் வெட்டிக் கிழக்கே திருப்பிய பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தை விட்டுவிட்டு உடுமலைப் பக்கத்து விவசாயத்தை விளக்கவே முடியாது.

அப்புறம் வரைபடம். பள்ளிச் சுவரில் தொங்கும் உலகப் படங்களில் பல, மெர்கேட்டர் என்ற வரைபடக்காரர் 1569-இல் போட்ட முறையில் வந்தவை. கடலில் திசை பிடிக்க அந்தப் படம் அருமையானது, பரப்பளவை ஒப்பிடத்தான் உதவாது. அதில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் கிட்டத்தட்ட ஒரே அளவாகத் தெரியும், உண்மையில் ஆப்பிரிக்கா ஏறக்குறைய 14 மடங்கு பெரியது. எந்தப் படத்தைப் பார்த்தாலும் இது எதற்காக வரையப்பட்டது என்று முதலில் கேளுங்கள்.

ஸ்கேல் வைத்துத் தூரம் அளப்பதிலும் இதே சிக்கல்தான். படத்தில் ஆழியாறும் வால்பாறையும் ஒட்டினாற்போல இருக்கும்; நடுவில் 40 கொண்டை ஊசி வளைவுகள். அவசரத்துக்குப் பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்கு இறங்க வேண்டியவருக்குக் கிலோமீட்டர் கணக்கு எதற்கு, எத்தனை மணி நேரம் ஆகும் என்றுதான் பார்க்க வேண்டும்.