சூரியனின் வெப்பநிலையை நீங்களே கணக்கிடலாம்

சூரியனின் மேற்பரப்பு 5,772 கெல்வின் என்று பாடநூல்கள் சொல்கின்றன. மூன்று அளவுகளும் ஒரு மாறிலியும் கையில் இருந்தால் அந்த எண்ணை நாமே எடுத்துவிடலாம். வான இயற்பியலுக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

படி 1: வளிமண்டலத்துக்கு மேலே, சூரியனை நேராக நோக்கும் ஒரு சதுர மீட்டரில் விழும் ஆற்றல் 1,361 வாட். செயற்கைக்கோள்கள் அளந்து தந்த எண் இது.

படி 2: பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தொலைவு 14.96 கோடி கிலோமீட்டர். சூரியனின் ஆரம் 6.957 லட்சம் கிலோமீட்டர். வகுத்தால் 215. தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்ப ஒளி மெலிகிறது. ஆகவே சூரியனின் மேற்பரப்பில் ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும் 215 × 215 × 1,361, அதாவது சுமார் 6.29 கோடி வாட் கிளம்புகிறது. பல நூல்கள் முதலில் சூரியனின் மொத்த ஆற்றலைக் கண்டுபிடிக்கச் சொல்லும். விகிதமாக எடுப்பதே சிறந்தது. பூஜ்ஜியங்களோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

படி 3: பலரும் தடுக்கி விழும் இடம். சூடான கரும்பொருள் (தன்மேல் விழும் ஒளி முழுவதையும் உறிஞ்சும் பொருள்; சூரியனும் ஏறத்தாழ அப்படித்தான்) வெளிவிடும் ஆற்றல் வெப்பநிலையின் நான்காம் படிக்கு ஏற்ப உயர்கிறது. 1879-இல் இதைக் கண்டறிந்த இயற்பியலாளர் ஸ்டெஃபான், இதே விதியைக் கொண்டு சூரியனின் வெப்பநிலையையும் மதிப்பிட்டார். 6.29 கோடியை இந்த விதியின் மாறிலியான 5.67 × 10⁻⁸-ஆல் வகுங்கள், 1.11 × 10¹⁵ வரும். இதை நான்கால் வகுத்துவிடாதீர்கள். நான்காம் படிமூலம் வேண்டும். எனவே வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள். முதலில் 3.33 கோடி, பிறகு ஏறத்தாழ 5,770. அலகு கெல்வின், செல்சியஸில் சுமார் 5,500. சாதாரணக் கால்குலேட்டரே போதும். கையால் அழுத்திப் பார்க்கும்போதுதான் எண்களின் பருமன் மனதில் பதிகிறது.

பின்சேர்க்கை: ஒரு வாசகருக்கு 4,080 வந்திருக்கிறது. ஆரத்துக்குப் பதில் விட்டத்தைப் போட்டிருக்கிறார். இன்னொருவர் தரையில் கிடைக்கும் 1,000 வாட்டை வைத்து 5,340 பெற்றிருக்கிறார். உள்ளே போட்ட எண் 27 சதவீதம் குறைந்தும் விடை 7 சதவீதம்தான் இறங்கியது! நான்காம் படிமூலம் பிழையை அவ்வளவு சுருக்கிவிடுகிறது. தொலைதூர விண்மீன்களின் வெப்பநிலையைத் துணிந்து மதிப்பிட முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து சிரியஸ் என்ற விண்மீனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒளிர்வு சூரியனைப் போல் 25 மடங்கு, ஆரம் 1.7 மடங்கு. 25-ஐ 1.7-இன் வர்க்கத்தால் வகுத்து, இருமுறை வர்க்கமூலம் எடுத்து, 5,770-ஆல் பெருக்குங்கள். 9,900 கெல்வினுக்கு அருகில் வந்தால் கணக்கு சரி.