சார்ஜ் போடும் ஓட்டைதான் பிரச்சினை: வாவியில் மிதக்க ஒரு லைற்

மட்டக்களப்பு கல்லடியில் என் மாமா இரவில் வாவிக்கு வலை போடப் போகிறவர். வலை கிடக்கும் இடம் மற்றத் தோணிக்காரருக்குத் தெரியட்டும் என்று மிதப்பில் கட்ட ஒரு லைற் செய்து கொடுத்தேன். பழைய லப்டொப்பில் கழற்றிய 18650 என்கிற உருளை லித்தியம் பற்றரி ஒன்று, டிபி4056 சார்ஜ் போர்ட் ஒன்று, எல்இடி ஒன்று, எல்லாம் ஒரு லஞ்ச் பொக்ஸுக்குள். சார்ஜ் போடப் பக்கத்தில் யூஎஸ்பி ஓட்டை, அதற்கு ரப்பர் மூடி, சுற்றிவரத் தாராளமாகச் சிலிக்கன். மூன்றாம் நாள் காலையில் மாமா அதைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கினார், இளநீர் வாங்கும்போது குலுக்கிப் பார்ப்போமே, அப்படி. "மனே, உள்ளுக்குத் தண்ணி நல்லாப் பிடிச்சிருக்கு" என்றார். திறந்தால் போர்ட் முழுக்கப் பச்சைக் களிம்பு.

முதல் பிழை பெட்டி. லஞ்ச் பொக்ஸைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள், முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அது பொலிபுரொப்பிலீன். சிலிக்கனோ எப்பொக்சியோ (இரண்டைக் கலந்தால் கல்லாய் இறுகும் பசை) அதில் ஒழுங்காக ஒட்டாது. ஒட்டினதுபோல் இருக்கும், ஆனால் நகத்தால் நெம்பினால் தோல்போல் உரிந்து வரும். ஓட்டை போடாமல் பாவிப்பதென்றால் அது நல்ல பெட்டிதான், ஓட்டை போட்ட பிறகு அதை நம்ப வேண்டாம். இரண்டாவது பிழை சிலிக்கன். காயும்போது வினாகிரி மணம் அடிக்கிற வகை செம்பை அரிக்கும், அதை வயர், போர்ட் பக்கம் கொண்டுபோகவே கூடாது. நியூட்ரல் என்று டியூபில் எழுதியிருப்பதை வாங்குங்கள். அதுவும் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர் ஆழத்துக்குத்தான் காயும், நான் செய்ததுபோல் தடிப்பாக அப்பிவிட்டு அன்று பின்னேரமே தண்ணீரில் போட்டால் உள்ளே கூழாகத்தான் இருக்கும்.

ஆக, இப்போது நான் பாவிப்பது தண்ணீர்க் குழாய்க்குப் போடும் பிவிசி பைப் துண்டு. ஹாட்வெயார் கடையில் எல்லாம் கிடைக்கும், எப்பொக்சி நன்றாகப் பிடிக்கும். ஒரு முனையில் மூடியைப் பைப் பசை போட்டு நிரந்தரமாக ஒட்டுங்கள். மறுமுனையில் மரை போட்ட சொக்கட்டும் அதற்கான மரை மூடியும், உள்ளே கசிவை அடைக்கும் ரப்பர் வளையம், ஒரு ஓ-ரிங். இரண்டு முனையையும் ஒட்டி அடைத்துவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். லித்தியம் பற்றரி பழுதானால் வாயு விடும், அது வெளியேற வழி இல்லாத தடித்த பைப்புக்குள் நடந்தால் வெடிதான். பற்றரியை எப்பொக்சிக்குள் புதைப்பதும் அதே காரணத்தால் வேண்டாம். போர்டை மட்டும் புதைக்கலாம்.

எல்இடிக்கு ஒட்டிய மூடியில் 5 மில்லிமீற்றர் துளை போட்டு, உள்ளிருந்து அதன் விளிம்பு முட்டும்வரை தள்ளி, பின்பக்கம் எப்பொக்சி ஊற்றி விடுங்கள். ஒருமுறை அடைத்து மறந்துவிடுகிற ஓட்டையால் தொல்லை வராது. தினமும் திறந்து மூடுகிற ஓட்டைதான் ஆளைக் கவிழ்க்கும், யூஎஸ்பி துளை அந்தச் சாதி.

அப்ப சார்ஜ் எப்படி? மூடியைத் திறந்து பற்றரியை எடுத்து வெளிச் சார்ஜரில் போடலாம், ஒரு ஓட்டையும் தேவையில்லை. ஆனால் மாமா மாதிரி ஆட்கள் ஈரக் கையோடு, மணலோடு திறப்பார்கள், ஓ-ரிங்கில் ஒரு தலைமயிர் கிடந்தாலே கசியும். வயர்லெஸ் சார்ஜ் கொயில் இன்னொரு வழி: சுவர் மூன்று நான்கு மில்லிமீற்றருக்குள் தட்டையாக இருந்தால் வேலை செய்யும், கொயிலின் கறுப்புத் தகடு உள்பக்கம் பார்க்க வேண்டும். பெட்டி செய்கிறவர்களுக்கு அது சரி. வளைந்த பைப்பில் கொயில் படியாது, நான் அதை விட்டுவிட்டேன்.

நான் செய்தது இரண்டு ஸ்டெயின்லெஸ் போல்ட், வெளியே தெரியும் தலைகளில் சார்ஜர் வயரைக் கிளிப்பால் மாட்டலாம். ஒட்டின மூடியில் எல்இடிக்கு இரண்டு பக்கமும் இரண்டு துளை. ஒரு போல்ட் 4 மில்லிமீற்றர், மற்றது 5, பிளஸ் எது மைனஸ் எது என்று இருட்டிலும் விரலால் தெரியும். மோட்டார் சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் வாஷரைத் தலைக்குக் கீழே வைத்து இறுக்கி, உள்ளே நட்டுக்கு மேல் எப்பொக்சி. ஸ்டெயின்லெஸ்ஸில் சாதாரணச் சோல்டர் ஒட்டாது, அரை மணித்தியாலம் முயன்று ஈயத்தை வீணாக்காமல் வளைய லக் (வயர் முனையில் பிடிக்கும் உலோக வளையம்) ஒன்றை நட்டுக்குக் கீழே போட்டு வயரை அதில் பிடியுங்கள். எப்பொக்சி ஊற்றுவதற்கு முன்னம் லக்கை மாட்ட மறக்க வேண்டாம் (மறந்தேன்). பிளஸ் போல்ட்டிலிருந்து போர்ட்டுக்குப் போகும் வயரில் 5819 என்று எண் போட்ட ஸ்கொட்கி டையோட் (மின்னை ஒரு பக்கம் மட்டும் விடுவது) ஒன்றைப் போட்டால், கிளிப்பை மாறி மாட்டினாலும் போர்ட் எரியாது, உள்ளிருந்து மின்னும் வெளியே வராது. அது முக்கியம். உப்புத் தண்ணீரில் இரண்டு போல்ட்டுக்கு நடுவில் மின் நின்றால் பிளஸ் போல்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும். முடித்த பிறகு மல்ரிமீற்றரை இரண்டு தலையிலும் வைத்துப் பாருங்கள், பூச்சியம் காட்ட வேண்டும். சார்ஜ் போட முன்னம் நல்ல தண்ணீரில் கழுவித் துடைப்பதும் இதற்காகத்தான்.

டிபி4056 கடையில் வரும்போது 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு 1 அம்பியரில் சார்ஜ் செய்யும். அந்தப் போர்ட் மிச்ச வோல்ற்றேஜைச் சூடாகத்தான் கழிக்கும், மூடின பைப்புக்குள் அந்தச் சூடு பற்றரியோடு சேர்ந்து கிடக்கும். ரெசிஸ்டரை 4 கிலோ ஓம் அளவுக்கு மாற்றினால் 300 மில்லி அம்பியர். இரவில் வலைக்குப் போகிறவர் பகலில் தூங்குவார், லைற்றும் நிழலில் கிடந்து ஆறுதலாகச் சார்ஜ் ஏறட்டும். வெயிலில் கிடந்து சுட்ட பைப்பில் சார்ஜ் போட வேண்டாம், 45 பாகைக்கு மேல் லித்தியத்துக்கு ஆகாது.

சுவிட்ச்சுக்கும் ஓட்டை வேண்டாம். கண்ணாடி ரீட் சுவிட்ச் ஒன்றைச் சுவருக்கு உள்ளே ஒட்டிவிட்டு, வெளியே டேப் சுற்றிய காந்தத்தை ரப்பர் பட்டியில் செருகினால் எரியும், எடுத்தால் அணையும். ஒரு சின்ன எல்இடியைத் தாராளமாகத் தாங்கும்.

இனி எனக்கு விளங்கப் பல நாள் எடுத்த விஷயம். கச்சான் காற்று வீசுகிற காலத்தில் தோணியில் கிடந்து 45 பாகைக்குச் சுட்ட பைப்பை 28 பாகைத் தண்ணீரில் போட்டால், உள்ளே இருக்கிற காற்றின் அழுத்தம் கிட்டத்தட்ட 5 வீதம் குறையும். அரை மீற்றர் ஆழத்தில் கிடப்பது போன்ற இழுவை அது. மேலே மிதக்கிற லைற்றுக்குள் எப்படித் தண்ணீர் போனது என்று நான் மண்டையை உடைத்த கேள்விக்குப் பதில் அதுதான். பைப் ஊதியதைவிட உறிஞ்சியதால் கெட்டதே கூட. மூடியை மத்தியான வெக்கையில் பூட்டினால் உள்ளே ஈரக்காற்று அடைபட்டு இரவில் பனித்து நிற்கும், அதனால் காய்ந்த இடத்தில் பூட்டி ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போடுங்கள். சப்பாத்துப் பெட்டியில் வருகிற பழையதென்றால் முதலில் காய வைக்க வேண்டும்.

சோதனையைப் பற்றரியும் போர்டும் போடாமல் செய்யுங்கள். வெறும் பைப்பைப் பூட்டி, கை பொறுக்கிற சுடுதண்ணீருக்குள் அமுக்கினால் உள்ளே காற்று விரிந்து, கசிகிற இடத்தில் குமிழி வரும். குமிழி இல்லையா, துடைத்து உள்ளே ரிஷு பேப்பர் சுருட்டி வைத்து, ஒரு மணித்தியாலம் வெயிலில் போட்டு, உடனே கல் கட்டிக் கிணற்றில் இறக்கி விடியும்வரை விடுங்கள். மேலே எடுத்ததும் அவசரப்பட்டுத் திறக்காமல் வெளியை நன்றாகத் துடைத்துவிட்டுத் திறவுங்கள், இல்லாவிட்டால் மரையில் நின்ற துளி ரிஷுவில் விழுந்து வீணாக ஒரு நாள் மினக்கெடுவீர்கள்.

மாமாவின் லைற் இப்போது ஒரு மாரி தாண்டிவிட்டது. ஓ-ரிங்கை மட்டும் அவ்வப்போது எடுத்துத் துடைத்து, துளி சிலிக்கன் கிறீஸ் பூசிப் போடுகிறேன். காந்தத்தைத்தான் இரண்டு தரம் வாவியில் தவறவிட்டார், அதற்கு இப்போது ஒரு தங்கூசி நூல் கட்டியிருக்கிறது.