எரிபொருள் மாறிவிட்டதா? சாவியைத் தொடாதீர்கள்

டீசல் காரில் பெட்ரோலை நிரப்பிவிட்டார்கள் என்று தெரிந்ததும் பலர் செய்யும் முதல் காரியம், பின்னால் ஹாரன் அடிக்கும் வண்டிகளுக்குப் பயந்து காரை ஸ்டார்ட் செய்து ஓரங்கட்டுவது. பெருஞ்செலவு தொடங்குவது அங்கேதான். டேங்கில் கிடக்கும் வரை பெட்ரோலால் பெரிய கெடுதல் இல்லை. பல கார்களில் சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பினாலே டேங்குக்குள் இருக்கும் பம்ப் ஓடத் தொடங்கிவிடும். ஆகவே நியூட்ரலில் வைத்து, நாலு பேரை அழைத்துத் தள்ளுங்கள். ஹாரன் அடிப்பவர் அடித்துக்கொண்டிருக்கட்டும்.

இன்றைய காமன் ரெயில் டீசல் என்ஜினில் (எல்லா சிலிண்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) எரிபொருளை 1,600 பார், அதாவது காற்றழுத்தத்தைப் போல் சுமார் 1,600 மடங்கு, சிலவற்றில் அதற்கும் மேல் அழுத்தும் பம்ப் ஒன்று உண்டு. பெரும்பாலும் அதற்கு மசகு, உள்ளே ஓடும் டீசலின் வழவழப்புதான். பெட்ரோல் அந்தப் படலத்தைக் கழுவிவிடும். உலோகம் உலோகத்தோடு உரசிப் பொடி உதிரும். அந்தப் பொடி, என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் நுண்துளைகள் வரை போகும், ரிட்டர்ன் குழாய் வழியே டேங்குக்கும் திரும்பி வரும். டேங்கைக் காலி செய்வதோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, பம்ப், இன்ஜெக்டர், குழாய் என்று வளர்ந்துவிடும்.

"மேலே டீசலை ஊற்றிக் கலந்துவிடுங்கள், சரியாகிவிடும்" என்று பக்கத்தில் யாராவது சொல்வார். அம்பாசடர் காலத்து வைத்தியம் அது, கேட்காதீர்கள். பெட்ரோல் காரில் டீசல் போனால் பாதிப்பு பொதுவாகக் குறைவு. புகை, திணறல், ஸ்பார்க் பிளக்கில் கரி. அப்போதும் ஓட்டக் கூடாது.

பிஎஸ்6 என்னும் மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த சில டீசல் கார்களில், புகையைச் சுத்தம் செய்யும் யூரியா கரைசலுக்கென்று தனி வாய் இருக்கிறது. அந்தக் கரைசலில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். அதை டீசல் டேங்கில் ஊற்றிவிட்டாலும் இதே விதிதான்: சாவியைத் தொடாதீர்கள்.

பெட்ரோல் நாசில் பொதுவாக மெலிந்தது. டீசல் டேங்கின் வாயில் தடையின்றி நுழைந்துவிடும். நாமோ "ரெண்டாயிரத்துக்குப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டு போனைப் பார்க்கிறோம். ஒரே மாடல் இரண்டு எரிபொருளிலும் வரும்போது, ஊழியர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்? "ஜீரோ பார்த்துக்கொள்ளுங்கள்" என்றதும் மீட்டரைப் பார்க்கிற நாம், அவர் கையில் எந்த நாசில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. எரிபொருளின் பெயரை முதலில் சொல்லுங்கள், தொகையைப் பிறகு. மூடியின் உட்புறம் 'டீசல்' என்று பெரிதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவைப்பதும் நல்லது.

தவறு நடந்துவிட்டால் பில்லை விடாமல் வாங்குங்கள். எந்த எரிபொருள், எத்தனை லிட்டர் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. தவறான எரிபொருளால் வரும் என்ஜின் சேதத்துக்குப் பல காப்பீடுகள் பணம் தருவதில்லை. சாலையோர உதவியும் சேர்த்து எடுத்திருந்தால், வண்டியை இழுத்துச் செல்லும் செலவாவது கிடைக்குமா என்று பாலிசியைப் பாருங்கள்.